வெட்டாத புல்

அந்த வீட்டைப் பார்க்கத்தானே வந்திருக்கீங்க? மறைக்காதீங்க தம்பி. காலையிலேருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க கூரையைப் பார்த்தீங்க, கிணத்தை எட்டிப் பார்த்தீங்க. உங்க வீட்டம்மா சரிவுல இறங்கி ரெண்டு கையையும் விரிச்சு அளந்தாங்க. நீச்சல் குளம்தானே? எனக்குத் தெரியும். பாரிஸ்லேருந்து வர்றவங்க எல்லாரும் அந்தச் சரிவுக்கு வந்ததும் கையை விரிக்கிறாங்க.

உட்காருங்க. இந்த நாற்காலியில வேணாம், பெயின்ட் ஒட்டும். அதுல உட்காருங்க. அம்மாவையும் கூப்பிடுங்களேன். வரலையா? கார்லயே இருக்காங்களா? சரி, இருக்கட்டும். நீங்க எந்த ஊரு? முத்தியால்பேட்டையா! நான் குருசுக்குப்பம். ரெண்டு தெரு தள்ளித்தான் பொறந்திருக்கோம், பார்த்துக்கிறது லிமோழ் பக்கத்துல ஒரு காட்டுல. என் பேரு அமலோற்பவநாதன். இந்த ஊர்ல ஒருத்தன் வாயிலயும் அது நுழையல. தமிழ்ல ஒருத்தனைத் திட்டி ரொம்ப நாளாச்சு தம்பி. பிரெஞ்சுல திட்டினா நாக்குக்குத் திருப்தியே இல்ல.

வீட்டை வாங்குங்க, வாங்காமப் போங்க, எனக்கு ஒண்ணுமில்ல. அந்தச் சரிவை என்ன பண்ணப்போறீங்க? அது மட்டும் எனக்குத் தெரியணும். ஏன்னா என் படம் அதுல நிக்குது. அதோ, சுவர்ல சாஞ்சிருக்கே, வாசக்கதவு உசரத்துக்கு, அதுதான். கிட்டப் போகாதீங்க, இங்கேருந்தே பாருங்க. வெட்டறதுக்கு முந்தின புல்லு. ஜூன் மாசம், வெயில் அந்த வால்நட் மரத்துக்கு மேல ஏறறதுக்குள்ள. அந்தப் பச்சை வருஷத்துல கொஞ்ச நாள்தான் இருக்கும். அந்தக் கொஞ்ச நாளும் காலையில கொஞ்ச நேரம்தான். மத்த நாள்ல அந்தப் படத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வச்சிடுவேன், இன்னைக்கு உங்களுக்குக் காட்டத்தான் திருப்பினேன். அடுத்த ஜூன்ல மறுபடி எடுப்பேன். கண்ணு முன்னால இல்லாததை நான் வரையமாட்டேன். போட்டோ வச்சு வரையறது, மனசுல நினைச்சு வரையறது, அதெல்லாம் காலண்டர் போடறவன் வேலை. கீழே வலது பக்கம் பாருங்க, ஒரு முழம் அளவுக்குத் துணி வெள்ளையாத் தெரியுதா? அந்த ஒரு முழம்தான் பாக்கி. ஒரே ஒரு ஜூன் போதும்.

அதைக் கெடுத்தவன் அந்த வீட்டுக்காரன். ஃபெர்னான்.

சும்மா சொல்றேன்னு நினைக்காதீங்க. இந்த ஊரே அவனை நல்லவன்னு சொல்லும். பேக்கரிக்காரி சொல்லுவா, பாதிரியார் சொல்லுவார். பக்கத்துல இருந்து பட்டவன் நான். நல்லவனாம்! நல்ல பாம்புக்கும் நல்லன்னுதான் பேரு.

நான் இங்க வந்தப்ப எனக்கு இளமை. பாரிஸ்ல ஓவியப் பள்ளிக்கூடத்துல படிச்சேன். எங்கப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர், சொல்தா. மகன் ஆபீசுக்குப் போவான்னு நினைச்சார். மகன் புல்லை வரையறான்னு தெரிஞ்சதும் கடுதாசி போடறதை நிறுத்திட்டார். போகட்டும். இந்த வீட்டை வாங்கினதே அந்தச் சரிவுக்காகத்தான். கூரை ஒழுகுச்சு, குழாய்ல தண்ணி வரல, ஒண்ணையும் பார்க்கல. ஜன்னலைத் தொறந்தேன், சரிவு தெரிஞ்சுது, கையெழுத்துப் போட்டேன். அது அவன் சரிவுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

இந்தத் தொழிலைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? தொப்பி போட்டுக்கிட்டு மரத்தடியில உட்கார்ந்து ஒயின் குடிக்கிறதுன்னு நினைப்பீங்க. இருட்டோட எழுந்திருக்கணும். பனியில நனைஞ்ச புல்லுல நின்னு நின்னு முழங்கால் போயிடும். காத்து ஸ்டாண்டைத் தள்ளும், கேன்வாஸ் முகம் குப்புற மண்ணுல விழும். பூச்சி வந்து ஈரப் பெயின்ட்ல ஒட்டும். புல்லு விதை ஒட்டும். அதோ அந்தப் படத்துல நூறு கொசு இருக்கு, எல்லாம் பச்சை பூசிக்கிட்டு. இவ்வளவும் பண்ணி லிமோழ்ல கேலரிக்குக் கொண்டு போனா, அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு, 'மறுபடியும் புல்லா, முசியே? நீங்க இந்தியர்தானே, ஒரு மயில் வரையக்கூடாதா?'ன்னு கேக்கும். மயிலாம்! குருசுக்குப்பத்துல மயிலை எங்க பார்த்தேன்? நாங்க பார்த்தது காக்காயும் கருவாடும்.

சரி, ஃபெர்னானுக்கு வர்றேன்.

அவனுக்குச் சிவப்பு மாடு நாலஞ்சு இருந்துச்சு. இந்தப் பக்கத்து ஜாதி, நல்ல செம்மண் நிறம். அதுல ஒண்ணு ரூசெத்துன்னு பேரு. ஒரு நாள் அது சரிவுல ஒரு நல்ல இடத்துல வந்து நின்னுச்சு. பச்சைக்கு நடுவுல ஒரு சிவப்பு. எடுத்தேன் தூரிகையை. பாதி உடம்பு வரைஞ்சிருப்பேன், நடந்து போயிடுச்சு. ஆத்திரத்துல கத்தினேன். தமிழ்லதான் கத்தினேன், மாட்டுக்கு என்ன தெரியும். பெயின்ட் கத்தியை எடுத்துப் படத்துல இருந்த மாட்டைச் சுரண்டித் தள்ளினேன். அவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தான்.

மறுநாள் காலையில போறேன், அதே இடத்துல முளை அடிச்சு மாட்டைக் கட்டிப் போட்டிருக்கான்! அதே இடத்துல தம்பி. அதே மாதிரி தலை அந்தப் பக்கம். வேலியில நின்னு கட்டைவிரலால மாட்டைக் காட்டறான். எவ்வளவு கிண்டல் பாருங்க! நீ வரையற லட்சணத்துக்கு மாட்டைக் கட்டித்தான் போடணும்னு அர்த்தம். எனக்குப் புரியாதா? நான் விடுவேனா? ஸ்டாண்டைத் தூக்கிக்கிட்டு இருபதடி தள்ளிப் போய் நின்னேன். மறுநாள் வந்து பார்க்கறேன், மாடும் முளையோட தள்ளி நிக்குது! அவனுக்கு வேற வேலையே இல்ல. ஒரு வாரம் இந்தக் கூத்து. கடைசியில மாட்டை வரைஞ்சு முடிச்சேன்னு வைங்க. நல்லாத்தான் வந்திருக்கு. அதோ இடது பக்கம். ஆனா அவன் கிண்டல் கிண்டல்தானே?

காபி ஆறுது, குடிங்க.

அப்புறம் நீலத் தார்பாய். சரிவுக்கு அடியில விறகு அடுக்கி வச்சிருந்தான். மழை படக்கூடாதுன்னு ஒரு வருஷம் நீலக் கலர்ல பிளாஸ்டிக் தார்பாய் கொண்டாந்து மூடினான். நல்ல பச்சைக்கு நடுவுல கண்ணைக் குத்தற மாதிரி நீலம். கேட்டேன். 'மழை, முசியே அமலோர்'ன்னான். அமலோர்! அதுக்கு மேல அவன் வாய்க்கு வராது. நான் நேரா மேரிக்கு, அதான் ஊராட்சி ஆபீசுக்குப் போனேன். நம்ம ஊர்லயும் மேரின்னுதானே சொல்லுவோம்? இங்க அது ஒரு ரூம், ஒரு அம்மா, ஒரு பூனை. எழுத்துல புகார் கொடுத்தேன். கிராமத்தோட இயற்கை அழகுக்குக் கேடுன்னு.

அந்தப் புகார் மேசை மேல கிடந்த நாள்ல ஒரு விஷயம் நடந்துச்சு. தினம் அந்த நீலத்தைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிஞ்சுக்கிட்டிருந்தேன் இல்லையா, ஒரு நாள் காலையில திடீர்னு பார்க்கறேன், அந்த நீலம் இருக்கறதாலதான் பச்சை பச்சையா இருக்கு. அதை எடுத்தா பச்சை செத்துரும். அன்னைக்கே நீலத்தை வரைய ஆரம்பிச்சேன். மடிப்பு மடிப்பா, ஒரு மடிப்புல வெயில், ஒரு மடிப்புல நிழல். பாதி முடிச்சேன். மறுநாள் போனா, தார்பாயைக் காணோம்! மேரியிலேருந்து ஆள் வந்து சொன்னாங்களாம், எடுத்துட்டானாம்.

விடுவேனா? வேலிக்கு ஓடினேன். 'எங்கடா என் நீலம்?'னு கேட்டேன். நீங்கதானே முசியே எடுக்கச் சொன்னீங்கன்னான். அது போன வாரம்டா, இது இந்த வாரம்னேன். தலையைச் சொறிஞ்சுக்கிட்டு உள்ள போனான். மறுநாள் தார்பாய் திரும்ப வந்துச்சு. ஆனா மடிப்பு? மடிப்பு எல்லாம் மாறிப்போச்சு! ஒரு மடிப்பு பழைய இடத்துல இல்ல. வேணும்னே பண்ணினான் தம்பி. பாதி வரைஞ்ச மடிப்பை நான் என்ன பண்றது? அந்த ஒரு முழம் வெள்ளையா இருக்குன்னு சொன்னேனே, அதுதான் அந்த இடம். சுரண்டிட்டேன்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். பொறுக்க முடியாதது அவன் கேள்வி.

ஒவ்வொரு ஜூன்லயும், ஒவ்வொரு நாள் காலையிலயும் அந்த வேலிக்கு வந்து நிப்பான். பின்னால டிராக்டர் ஓடிக்கிட்டிருக்கும், புல்லு வெட்டற கத்தியை மாட்டி வச்சிருப்பான். தொப்பியைக் கழட்டுவான். என் படத்தை ஒரு தடவை பார்ப்பான், சரிவை ஒரு தடவை பார்ப்பான். அப்புறம் கேப்பான்: 'முடிஞ்சுதா, முசியே அமலோர்?'

பல்லு விளக்கறதுக்கு முன்னாடி இந்தக் கேள்வி! ஒரு கலைஞனைப் பார்த்து! நானும் 'இல்ல'ம்பேன். 'சரி'ம்பான். டிராக்டரை அணைச்சுட்டுப் போயிடுவான். மறுநாள் மறுபடி வருவான். முடிஞ்சுதா? இல்ல. சரி. எங்கப்பா கேட்டது போதாதா, மாமன் மச்சான் கேட்டது போதாதா, கேலரிக்காரி கேக்கறது போதாதா, மாடு மேய்க்கறவனும் கேக்கணுமா?

சோம்பேறி வேற. ஊர்ல எல்லாரும் வெட்டி உருட்டிக் கொட்டகையில ஏத்தியிருப்பாங்க, இவன் மேல இருக்கற சின்ன வயலை மட்டும் வெட்டிட்டு இந்தச் சரிவை அப்படியே விட்டு வச்சிருப்பான். அவனுக்கு இருந்ததே ரெண்டு துண்டு. பெருசு இதுதான். நான் மூட்டையைக் கட்டிக்கிட்டு உள்ள வந்த மறுநாள்தான் வெட்டுவான். எனக்கு என்ன தெரியும், அவன் வழக்கம் அப்படின்னு இருந்தேன். புல்லு வெட்டறதுக்கு நாள் நேரம் உண்டுன்னு எனக்கு யார் சொன்னா? நான் சின்ன வயசுல பார்த்த வைக்கோல் எல்லாம் லாரி மேல போற வைக்கோல்தான்.

அந்தத் தார்பாய் வருஷம் நடந்ததைச் சொல்றேன். அதுதான் கடைசி.

மடிப்பு மாறினதுல என் வயித்தெரிச்சல் அடங்கல. ஜூன் பாதியில புல்லு பூத்து வெளுக்க ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் அது என் பச்சை இல்ல. அந்த வருஷத்துக்கு என் வேலை தீர்ந்துபோச்சு, சுருட்டிக்கிட்டு உள்ள வந்திருக்கலாம். அன்னைக்குக் காலையில வந்து நிக்கறான், தொப்பியைக் கழட்டறான், 'முடிஞ்சுதா, முசியே அமலோர்?' எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. 'இல்ல'ன்னேன். மறுநாளும் 'இல்ல.' வெறும் ஸ்டாண்டை நிறுத்திக்கிட்டு, காய்ஞ்ச தூரிகையைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். அவன் வருவான், வானத்தைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான். 'இல்ல.' ஒரு நாள், 'வானிலை ரிப்போர்ட் நல்லா இல்ல முசியே'ன்னான். 'அதை ஏன்டா என்கிட்ட சொல்றே?'ன்னு கேட்டேன். 'சும்மா சொன்னேன்'னான். போயிட்டான்.

வெட்டறதுன்னா வெட்டிட்டுப் போயேன்டா! உன் புல்லு, உன் டிராக்டர். நான் கையைப் பிடிச்சேனா?

அப்புறம் மழை வந்துச்சு. வந்துச்சுன்னா, நம்ம ஊர் ஐப்பசி மழை மாதிரி. நிக்கவே இல்ல. அந்தச் சரிவு முழுக்கப் படுத்துடுச்சு. அடியில அழுகி, கறுத்து, வாடை இந்த ஜன்னல் வரைக்கும் வந்துச்சு. அவன் நடுவுல நின்னு ஒரு பிடி புல்லைக் கையில எடுத்துப் பார்த்தான், கீழ போட்டான். நான் ஜன்னல்லேருந்து அதையும் வரைஞ்சேன். சின்னப் படம்தான். கறுத்த புல்லு, நடுவுல ஒரு ஆளு. நம்பமாட்டீங்க, லிமோழ்ல வச்ச அன்னைக்கே போயிடுச்சு. மயில் கேட்ட அம்மா, 'இதுல ஏதோ இருக்கு முசியே'ன்னு சொல்லுச்சு. என் வாழ்க்கையில வச்ச அன்னைக்கே வித்தது அது ஒண்ணுதான்.

குளிர்காலத்துல மாட்டையெல்லாம் வித்துட்டான். தீவனம் இல்லையாம். ரூசெத்தையும் வித்துட்டான்! படத்துல மாடு இருக்கு, சரிவுல மாடு இல்ல. பழி வாங்கறதுக்கு இப்படியும் ஒரு வழி இருக்குன்னு நான் நினைச்சுக்கூடப் பார்த்ததில்ல. லாரியில ஏத்தும்போது அந்த வேலியில வந்து நின்னு இந்தப் பக்கம் பார்த்தான். நான் திரையை இழுத்து விட்டுட்டேன்.

மாடு போனதுக்கப்புறம் அவன் வெளியிலயே வரல. மாசி மாசம் செத்துப்போனான்.

சாவுக்குப் போனேன் தம்பி, போகாம இல்ல. கோயில்ல கடைசி பெஞ்சுல உட்கார்ந்தேன். முடிஞ்சு வெளியில வர்றப்ப அவன் மக வந்தா. சொலான்ழ்னு பேரு, டவுன்ல நர்ஸ். அவதான் இப்ப வீட்டை விக்கறது, பார்த்திருப்பீங்க. வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்றா: 'அப்பா உங்களுக்காக எப்பவும் காத்திருப்பாரு முசியே. நீங்க முடிக்கறதுக்கு முன்னாடி வெட்டக்கூடாதும்பாரு. ஊர்ல எல்லாரும் அவரைப் பைத்தியம்னாங்க. அந்தக் கடைசி வருஷம் நான் அவர்கூடச் சண்டையே போட்டேன், நாளைக்கு மழை, இன்னைக்கு வெட்டுங்கன்னு. படம் வரையறவரு இன்னும் முடிக்கலன்னு சொல்றாரும்மா, நம்ம புல்லு அடுத்த வருஷமும் வளரும்னு சொன்னாரு.'

கேட்டீங்களா கதையை? காத்திருந்தாராம்! யார் காத்திருக்கச் சொன்னா? நான் கேட்டேனா? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை, 'முசியே, நான் வெட்டணும், நகருங்க'ன்னு சொல்லியிருந்தா நான் நகர்ந்திருக்கமாட்டேனா? மனுஷன்னா சண்டை போடணும் தம்பி. சண்டை போட்டா எனக்குப் பதில் தெரியும். சும்மா தொப்பியைக் கழட்டிக்கிட்டு நின்னா நான் என்ன பண்றது? ஊர் முன்னால என்னைக் கெட்டவனாக்கிட்டுப் போயிட்டான். இப்ப பேக்கரிக்காரி எனக்கு ரொட்டியைக் கையில கொடுக்கறதில்ல, மேசையில வைக்கிறா.

செத்தும் கொடுத்தான் சீதக்காதின்னு சொல்லுவாங்க. இவன் செத்தும் கெடுத்தான். எப்படின்னு கேளுங்க.

போன ஜூன். சரிவு முழுக்கப் புல்லு. வெட்ட ஆள் இல்ல, மேய மாடு இல்ல, டிராக்டர் சத்தம் இல்ல. கோடை முழுக்க எனக்குத்தான். தார்பாய்கூட அப்படியே கிடக்கு, தொடறதுக்கு யாரும் இல்லாததால ஒரு மடிப்பும் மாறல. இதைவிட ஒரு ஓவியனுக்கு என்ன வேணும்? அந்த ஒரு முழத்தை முடிச்சிடலாம்னு ஸ்டாண்டை நிறுத்தினேன், பச்சையைக் குழைச்சேன், நின்னேன்.

நின்னேன் தம்பி. கை வரல.

வெயில் வால்நட் மரத்துக்கு மேல ஏறுது, நான் வேலியைப் பார்த்துக்கிட்டு நிக்கறேன். மறுநாளும் அதே. ஒரு பொட்டு வைக்கல. தினம் அவன் வருவான், இல்லைன்னு முகத்துல அடிக்கணும்னு கோவத்துலயே வேலை செஞ்சு பழகிட்டேன் போலிருக்கு. அந்தக் கோவம் இல்லாம பச்சை குழைய மாட்டேங்குது. பாழாப்போனவன், போகும்போது அதையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டான். ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு தம்பி. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, ஒரு நாள் அந்த வேலிப் பக்கம் திரும்பி 'இல்லடா!'ன்னு நானே கத்தினேன். கேக்க ஆளில்ல. காக்காதான் பறந்துச்சு.

அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். வீட்டை வாங்குங்க. நல்ல வீடுதான், சுவரெல்லாம் கல்லு. குளம் வேணும்னா வீட்டுக்குப் பின்னால வெட்டிக்கோங்க, அங்க இடம் கிடக்கு. சரிவைத் தொடாதீங்க. தார்பாயைத் தொடவே தொடாதீங்க. மாடு வாங்க முடியுமா? சரி, வேணாம், மாட்டை வரைஞ்சாச்சு. ஜூன் மாசம் மட்டும் காலையில எழுந்து அந்த வேலிக்கு வரணும். நான் எரிஞ்சு விழுவேன், அதைக் கண்டுக்கக்கூடாது. ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டுப் போயிடணும். மறுநாள் மறுபடி வரணும்.

என்ன, எழுந்துட்டீங்க? அம்மா ஹாரன் அடிக்கிறாங்களா? அடிக்கட்டும். யோசிச்சுச் சொல்றேன்னா, பாரிஸ் போய் போன் பண்றேன்னா, அதெல்லாம் வாங்காதவன் சொல்றது. எனக்குத் தெரியாதா?

சரி, போங்க. கார் அந்தப் பக்கம்தானே நிக்குது, வேலி வழியாத்தான் போகணும். போறப்ப அந்தக் கம்பத்துக்கிட்ட ஒரு நிமிஷம் நில்லுங்க. இன்னும் கொஞ்சம் இடது பக்கம். அங்கதான். தொப்பி இல்லையா? பரவாயில்ல. நான் தூரிகையை எடுத்துக்கிட்டேன். பிரெஞ்சு வேணாம், நம்ம பாஷையிலயே கேளுங்க தம்பி, சும்மா ஒரு தடவை கேளுங்க. சிரிக்காமக் கேளுங்க.

இல்ல. இன்னும் முடியல.